வளவனுக்காக ஒரு பன்றி

“மனுஷனோட கிட்னி பன்னி வயித்துல எப்டிம்மா வளரும்?” என்று என் மாமியார் கேட்டார்.

“அமெரிக்காவுல வளக்கப் பாக்கறாங்க அத்தை. இன்னும் முடியல,” என்றேன். கீழே விரித்த பேப்பரைப் படித்துக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “மனுஷனோட உயிரணுவைப் பன்னிக்குள்ள சேத்துட்டா, பன்னி வளர வளர அதுவும் வளருமாம்.”

“அணுன்னா இன்னா?”

“எதுலதான் இல்ல? ரத்தம், முடி, நகம், எல்லாத்துலயும் இருக்கும்.”

“பன்னி வெள்ளையா, கருப்பா?”

“அமெரிக்காவுல எல்லாம் வெள்ளைதான் அத்தை,” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இது நடந்தது 2002 தை மாதத்தில். என் கணவர் வளவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. வேங்கிக்காலில் வாடகை வீடு. வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். போளூர் பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் கண் விழிப்பார். விழித்ததும் முதல் கேள்வி, “நீ இன்னா சாப்ட்ட?” என்பதாகத்தான் இருக்கும்.

சொந்தத்தில் யாராவது சிறுநீரகம் கொடுத்தால்தான் வழி என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். மாமனார் இறந்து பல வருடமாகிறது. வளவன் ஒரே பிள்ளை. என் மாமியார் ஜோதியம்மாள்தான் முதல் ஆளாகக் கையை நீட்டினார். சர்க்கரை நோய் இருக்கிறது, ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் வளவன், “அவங்க வேணாம் சார்,” என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் நெஞ்சின்மேல் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலத்தான் எனக்கு இருந்தது. என் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்பதும் அவருக்குப் பொருந்தும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமியார் அடி அண்ணாமலையில் இருந்தார். எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வந்தால் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து நகம் வெட்டிவிடுவார். வெட்டிய துணுக்குகளைப் பொறுக்கிப் பேப்பரில் மடித்துக்கொள்வார். “தெருவுல போட்டா யாராச்சும் மிதிப்பாங்க,” என்பார். திருஷ்டிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய சர்க்கரை மாத்திரைகளை வாங்கிக்கொண்டு போனேன். தெருக்குழாயில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வா மணிமொழி. உன் மாமியாருக்கு ரெண்டாவது புள்ள பொறந்திருக்குது, பாக்கலியா? நாலு காலு. ஜாதகம் ஒண்ணுதான் எழுதல.”

“பன்னியா? முனீஸ்வரனுக்கு நேந்து விட்டிருக்காங்களா?”

“நேந்து விட்டதுன்னா தெருவுல மேயும். இது உங்க வீட்டுக்காரனவிட சொகுசா இல்ல கீது.”

சிரித்துக்கொண்டேதான் பின்கட்டுக்குப் போனேன்.

சிமெண்டுத் தரை கழுவி விட்டிருந்தது. கோணிமேல் ஒரு வெள்ளைப் பன்றி படுத்திருந்தது. குளிப்பாட்டிய உடம்பு, ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. என்னைக் கண்டதும் தள்ளாடி எழுந்து வந்து, குழாயடியில் நனைந்திருந்த என் கையை நக்கியது. நக்கியது, நிறுத்தவே இல்லை. அதன் நாக்கு உலர்ந்துபோய்ச் சொரசொரவென்று இருந்தது.

மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். “காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. பாவம், பழகிடுச்சி,” என்றார்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அது என் கையெழுத்து. ‘உப்பு கூடாது. காயை வேகவைத்துத் தண்ணீரை வடிக்கவும். குடிநீர் அளவோடு.’ வளவனுக்காக டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதி, மாமியாருக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தேன்.

தாளைப் பார்த்தபடி நின்றபோது அவர் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நகத் துணுக்குகள். கொஞ்சம் முடி. டயாலிசிஸ் முடிந்ததும் கையில் வைத்து அழுத்தும் பஞ்சு, ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. எல்லாவற்றையும் கஞ்சியில் போட்டுப் பிசைந்தார்.

“இன்னா அத்தை இது?”

“நீதானேம்மா சொன்ன. கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போயி வெள்ளையா பாத்து வாங்கியாந்தேன். ஆறு மாசமா அவனுக்கு இன்னாவோ அதுதான் இதுக்கும். ஒரு கல்லு உப்பு காட்டல.”

பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை இழுத்துப் பன்றியின் முன்னால் வைத்தேன். மாமியார் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஜாஸ்தி குடுக்காத, கெட்டுடும். உள்ள அவன் கிட்னி வளருது.”

“வளராது அத்தை. அது லேப்ல பண்ற வேலை. குட்டி பொறக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும். அவங்களுக்கே இன்னும் முடியல. நான் அன்னிக்கு சரியா சொல்லல.”

பிடித்த கை தளர்ந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பன்றி முகத்தை வாளிக்குள் விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை.

“ஆறு மாசமா தாகத்துலயே வெச்சிருக்கீங்க,” என்றேன். “வளந்திருந்தா, அறுத்து எடுத்திருப்பீங்களா?”

“எடுத்திருப்பேன். கோயிலுக்கு வெட்டும்போது யாரு அழுவறாங்க? இது என் புள்ள உசுரு.” கஞ்சி ஒட்டிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “பன்னிய யாரும் கேக்க வேணாம், மணி. புடிச்சாந்து கட்டிப்போட்டா போதும். அதனாலதான் இத வளத்தேன்.”

அந்தச் செய்தி வந்த பேப்பரை நான் மடித்து, பீரோவில் என் புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். முடியாது என்று சொல்ல வாயில்லாத ஏதோ ஒன்று என் இடத்தில் வந்து நின்றுவிடாதா என்றுதான் நானும் ஏங்கியிருந்தேன். மாமியார் பன்றியைக் கட்டிப்போட்டார். நான் கட்டவில்லை, அவ்வளவுதான்.

“அப்ப வேற யாரை அத்தை கேக்கணும்?” என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவர் கஞ்சிச் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“உன்னாண்ட வாயத் தொறக்கக் கூடாதுனு எங்கையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டான். நீயும் நாளைக்கு ஒரு புள்ள பெக்கணும். உங்கம்மா எங்கள நம்பித்தான் உன்ன அனுப்புனாங்க. முடியாதுனு நீ சொன்னாலும் சரி, இந்த வூட்ல உன்ன ஒரு வார்த்தை யாரும் பேச விடமாட்டேன்.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“உன் கிட்னி ஒண்ண என் புள்ளைக்குக் குடுப்பியா, மணி?”