வெயில் ஜாஸ்தியான ஊர்

“நீயும் வர்றியா தமிழு?”

ஜெயசீலன் இப்படிக் கேட்டது 2009 ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில். அப்போது தமிழினியின் இரண்டு கையிலும் நாறிப்போன நெத்திலி இருந்தது. நாலு நாள் அடைமழை. வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் பரப்பி, ஃபேன் போட்டு, பக்கத்தில் அடுப்பு மூட்டி, என்னென்னவோ செய்து பார்த்தும் புழு வைத்துவிட்டது. அள்ளிக்கொண்டு போய் உப்பனாற்றில் கொட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஓமனில் நாலு வருஷம் யாரோ ஒருவனுடைய படகில் வலை இழுத்துவிட்டு, அந்த வாரம்தான் கடலூர் சோனாங்குப்பத்துக்குத் திரும்பியிருந்தான் அண்ணன். வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே பேசினான். அவன் எதை வாயில் வைத்துக்கொண்டும் பேசுவான்.

“அங்கல்லாம் மழைன்னா இன்னான்னே தெரியாது. ரெண்டு நாளு தூறுனா அதுக்கு ஸ்கூலு லீவு உடுவான். வருசம் பூரா வெயிலு. ஃப்ரீயா அடிக்குது, எடுத்துக்க ஆளில்ல. சின்ன பாரை மீன வலையோட ஒதறி உட்டுட்டுப் போறான். அத வாங்கிக் கீறி, உப்பு போட்டு, காய வெச்சி கொழும்புக்கு ஏத்துனா எப்பிடி இருக்கும்? அரபிக்காரன் ஒருத்தன் எடம் தர்றேன்னுட்டான். இனிமே எவன் போட்லயும் நான் ஏற மாட்டேன். சொந்தமா கருவாட்டு யார்டு. நீயும் வர்றியா தமிழு?”

யாராவது எதையாவது கேட்டால் பதில் அவள் தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டவர் எழுந்து போன பிறகுதான் அதுவும் எழுந்து வெளியே வரும். சுனாமி அலை வந்த வருஷம் அவள் ஒன்பதாவது. பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். காலி செய்து மறுபடி திறந்தபோது அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. போக வேண்டும் என்று அவளும் யாரிடமும் சொல்லவில்லை. படிப்பு நின்றது அப்படித்தான்.

அன்றும் அப்படியே ஆயிற்று. “வர்றேண்ணே” என்று அவள் சொன்னபோது எதிரே உப்பனாறுதான் இருந்தது. நெத்திலி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள். மீன் கீறும்போது கை இங்கே, மனசு எங்கேயோ என்றிருந்து இரண்டு விரலை வெட்டிக்கொண்டாள். வானம் கருத்தால் கோபம் வந்தது. வெளுத்தால் அதைவிடக் கோபம் வந்தது. தெரு, கட்டுமரம், லைட் ஹவுஸ், பக்கத்து வீட்டு நாய் எல்லாமே ஏற்கெனவே விட்டுப் போய்விட்ட சாமான்களாகத் தெரிந்தன.

“இன்னாடி, கால்ல சக்கரம் கட்டுனாப்பல சுத்தற? ஒரு எடத்துல குந்தேன்,” என்றாள் அம்மா செல்லாயி.

அண்ணன் கேட்டது ஒரே ஒரு முறைதான். மறுபடி கேட்பான், கேட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் பேசினான். அதை மட்டும் கேட்கவில்லை.

சித்திரை முடிவில் விஷயம் சூடு பிடித்தது. சிதம்பரம் கீழவீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சபாநாயகம் பங்குக்கு வருகிறேன் என்றார். ஜெயசீலனுக்கு முதன்முதலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பரம்பரை சைவம், முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அப்படிப்பட்டவரையே கருவாட்டு வியாபாரத்துக்கு இழுத்துவிட்டது இவன் வாய். ஆனாலும் மனுஷர் உஷார். “மாதிரிக்குக் கொஞ்சம் சரக்கு கொண்டா தம்பி. எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர வெச்சிப் பாத்துட்டு சொல்றேன்,” என்றுவிட்டார்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. “அங்க எல்லா நாளும் இந்த வெயிலுதான். மூணு நாளு காய வெக்கறதெல்லாம் பொம்பளைங்க வேல. ஒரே நாள்ல காட்றேன் பாரு,” என்று ஜெயசீலன் பத்துப் பாரையைக் கீறி, ராத்திரி உப்பில் போட்டு, விடிந்ததும் வெளியே மூங்கில் பரணில் பரப்பினான்.

தமிழினி பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி பதினொன்று ஆயிற்று. பக்கத்துப் பரண்களில் பெண்கள் தென்னங்கீற்றை இழுத்து மூடத் தொடங்கினார்கள். இவன் மூடவில்லை. உச்சி வெயில் நேராகப் பட்டால் மீனின் மேல்பக்கம் விறைத்துப் பூட்டிக்கொள்ளும்; உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே வர வழி இருக்காது; முள்ளோரத்தில் தங்கி அழுகும். இது அந்தத் தெருவில் பெண்ணாகப் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் அந்த நேரத்தில் கடலில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கடலுக்குப் போய்வந்து தூங்குவார்கள்.

“அண்ணே, மத்தியானம் மூடணும்,” என்றாள் மெதுவாக.

“காக்காய்க்குத்தான? அத நான் பாத்துக்கறேன், நீ போ.”

இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன், கீற்று போடுவது காக்காய்க்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொதிக்கிற மணலில் காவல் உட்கார்ந்தான். தெருவில் போன அவன் கூட்டாளி பக்கிரி நின்று வேடிக்கை பார்த்தான்.

“இன்னா மச்சான், காக்கா மேய்க்கவா ஓமனுக்குப் போற?”

“சிரி மச்சான், சிரி. நாளைக்கு எங்கிட்டதான வேலைக்கு வருவ.”

தமிழினி நிழலுக்குள் போய் உட்கார்ந்தாள். அவனுக்குத் தெரியாதது ஒன்று தனக்குத் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. இப்போதே சொல்லிவிட்டால் அவன் கற்றுக்கொண்டு போய்விடுவான். அப்புறம் இவள் எதற்கு? சொல்லாமல் வைத்திருந்தால், அந்த வெயிலில் மீனைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டியிருக்கும். இவள் கையில் இருக்கிற டிக்கெட் அது ஒன்றுதான். அவள் எழுந்து போகவில்லை, மூடவும் இல்லை. சாயங்காலம் மீன் பளபளவென்று கட்டைபோல் இருந்தது. ஜெயசீலன் அதைத் தட்டித் தட்டித் தெரு முழுக்கக் காட்டினான்.

மறுநாள் இரண்டு பேரும் பாரை மூட்டையோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். “நீயும் வா, பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஃபாரம் போட்டு வெப்போம்,” என்று அவனே சொன்னான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டியதே அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவை நோட்டுக்குள் வைத்து, நோட்டை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

சபாநாயகத்தின் வீடு கடைக்குப் பின்னாலேயே சந்தில் இருந்தது. “அந்த மூட்டை வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி பார்வதத்தின் குரல் வந்தது. மூட்டை சந்தில் நின்ற ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தது. சபாநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழினியின் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார்.

“படிப்பு எதுவரைக்கும்?”

“ஒம்பதாவதுல நின்னுட்டா சார்.”

“அப்ப கஷ்டம். பத்தாவது பாஸ் பண்ணாத பொண்ண முப்பது வயசு ஆகாம அந்தப் பக்கம் வேலைக்கு விடமாட்டான். நம்ம கவர்மென்ட் ரூல். பத்தாவது ஒண்ணு இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல.”

“அது தெரியும் சார். சும்மா ஒரு பாஸ்போர்ட் இருக்கட்டுமேன்னுதான்,” என்றான் ஜெயசீலன், ஸ்கூட்டர் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டே.

தெரியுமாம். ஆறு மாசமாக அவள் தூங்காமல் புரண்ட அந்தக் கேள்வியை, தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறான். பல் துலக்குகிற நேரத்துப் பேச்சு.

அதற்குள் சேத்தியாத்தோப்புச் சந்தையில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் லூர்துசாமி வந்து சேர்ந்தார். பேச்சில்லாமல் ஒரு பாரையை எடுத்துச் சுண்டினார். “சத்தம் நல்லாத்தான் இருக்கு,” என்றார். அப்புறம் முழங்காலில் வைத்து ஒரே உடையாக உடைத்தார்.

உள்ளே முள்ளோரம் கருத்து, கசகசவென்று இருந்தது. நாற்றம் சந்து முழுக்கப் பரவியது. சபாநாயகம் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

“வெயிலு ஜாஸ்தியாயிடிச்சி தம்பி. மேல காஞ்சி உள்ள வெந்திருக்கு. இத கப்பல்ல ஏத்துனா, கொழும்பு வர்றதுக்குள்ள தானா எறங்கி நடந்து போயிடும்.”

“வெயிலு ஜாஸ்தியா?” துண்டுக்குள்ளிருந்து சபாநாயகம் கேட்டார். “ஏன்யா, வெயிலு ஜாஸ்தின்னுதானய்யா நீ அந்த ஊருக்கே போறேன்ன?”

ஜெயசீலன் உடைந்த மீனையே பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான். “தமிழு, ஒனக்கு எதுனா தெரியுமா?”

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பார்வதமும் எட்டிப் பார்த்தாள்.

அவர்கள் மறுபடி மீன் பக்கம் திரும்பிய பிறகுதான், “மத்தியானம் கீத்து போட்டு மூடணும். காக்காய்க்கு இல்ல,” என்றாள்.

“அப்பிடிப் போடு,” என்றார் லூர்துசாமி.

சபாநாயகம் அவசரமாக ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பேனாவைத் திறந்தார். “எத்தினி மணிக்கும்மா மூடணும்?”

அதற்கு மணி கிடையாது. புறங்கையை மீன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் வெளியே வருகிறவரைக்கும் வெயிலிலும் மீன் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு நிற்கிற நிமிஷத்தில் மூட வேண்டும். சில நாள் அது பத்தரைக்கே நிற்கும், சில நாள் ஒரு மணி ஆகும். இந்தப் பதிலும் வழக்கம்போல் தொண்டைவரை வந்தது. சும்மா ஒரு பாஸ்போர்ட் இருக்கட்டுமே என்று அண்ணன் சொன்னதும் கூடவே வந்தது.

“பன்னெண்டு,” என்றாள்.

யாராவது கேட்டதும் உடனே அவள் வாயிலிருந்து வந்த பதில் அதுவரைக்கும் அது ஒன்றுதான். அதுவும் பொய். லூர்துசாமி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் வண்டியை உதைத்துக் கிளப்பினார். ‘மணி 12, மூடவும்’ என்று எழுதிய தாளை ஜெயசீலன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திரும்புகிற பஸ்ஸில் கடலூர் வரைக்கும் யார்டுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான்.

சபாநாயகத்தின் பணத்தோடு ஆவணியில் விமானம் ஏறினான். வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். எடம் பெரிசு, பரண் இருபது, வேலைக்கு ரெண்டு பெங்காலி. தீபாவளி கழித்து வந்த போனில் குரல் இறங்கியிருந்தது.

“மொத லோடு திரும்பி வந்துடிச்சி தமிழு. உள்ள கருத்துப் போச்சாம். கரெக்டா பன்னெண்டுக்குத்தான் மூடறேன். பன்னெண்டுதான?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். “ம்,” என்றாள்.

அன்றிலிருந்து அவளால் தன் பரணில் நிம்மதியாகக் கை வைக்க முடியவில்லை. சில்லென்ற மீனைத் தொடும்போதெல்லாம் இருபது பரண் கண்ணில் வந்தது. அம்மாவோடு பஸ்ஸில் கருவாட்டுக் கூடை ஏற்றிக்கொண்டு கீரப்பாளையம் சந்தைக்குப் போகிற நாட்களில், “நான் இங்க எறங்கிக்கறேன்” என்று சிதம்பரத்திலேயே இறங்கத் தொடங்கினாள். தெற்கு வீதிப் பக்கம் ஒரு டுட்டோரியல். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். எதற்குப் பத்தாவது என்று கேட்டார்கள், அதற்குச் சொல்லவில்லை. ரயில் வண்டிபோல் நீண்ட பெஞ்சில், தன்னைவிட நாலு வயசு குறைந்த பிள்ளைகளுக்கு நடுவே, கருவாட்டு வாசனையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அவள் அடுத்த கணக்குக்குப் போனாள்.

பங்குனியில் ஜெயசீலன் வந்தான், பன்னிரண்டு நாள் லீவில். கறுத்து இளைத்திருந்தான். இரண்டாவது லோடும் கெட்டுப் போயிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று அரபிக்காரனும் சபாநாயகமும் சொல்லியிருந்தார்கள். தெருவில் எல்லோரிடமும் பழையபடியே பேசினான். வீட்டுக்குள் வந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். கிளம்புகிற நாள் காலையில் பை கட்டி வாசலில் வைத்தாயிற்று. பதினொன்றுக்குப் பக்கிரி ஆட்டோ கொண்டுவருவான். அதுவரைக்கும் இருக்க முடியாமல் பரண் பக்கம் வந்து நின்றான்.

தமிழினி அவன் கையைப் பிடித்தாள். அண்ணன் கையைத் தொட்டே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. திருப்பி, புறங்கையைப் பாரைமேல் வைத்தாள்.

“இப்ப எப்பிடி இருக்குது?”

“சில்லுன்னு இருக்கு. இந்த வெயில்ல எப்பிடிடி?”

“ஈரம் வருது. அது வர்ற வரைக்கும் உடணும்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தாள். மறுபடி. அவன் குச்சி கேட்கவில்லை, காக்காயைப் பார்க்கவில்லை. நாலாவது முறை அவனே கையை வைத்தான். முகம் மாறியது.

“நின்னுடிச்சி,” என்றான்.

“இப்ப மூடு.”

கீற்றை இழுத்து மூடினான். செல்லை எடுத்துப் பார்த்தான். “மணி பதினொண்ணுகூட ஆவலியே. நீ பன்னெண்டுன்னுதான…”

“அது பொய்ண்ணே,” என்றாள் தமிழினி. “தெரிஞ்சேதான் சொன்னேன். ஒன் ரெண்டு லோடும் என்னாலதான் போச்சி.”

அவன் அசையாமல் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பதில் தொண்டையில் உட்காருகிற நேரம் இதுதான், உட்காரவில்லை.

“ஜூன்ல பத்தாவது எழுதறேன். அப்பறம் எந்த ரூலும் இல்ல. நீ அன்னிக்குக் கேட்டியே, பல்லு வெளக்கிக்கிட்டு. நானும் வர்றேண்ணே.”

தெருமுனையில் ஆட்டோ ஹாரன் அடித்தது. “மச்சான், நேரமாச்சி!” என்றான் பக்கிரி. அடுப்படியிலிருந்து செல்லாயி, “ரெண்டு வாய் சாப்ட்டுப் போடா,” என்று கூப்பிட்டாள்.

ஜெயசீலன் தன் புறங்கையைப் பார்த்தான். உப்பும் செதிலும் ஒட்டியிருந்தன. அதைத் துடைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். ஆட்டோ திரும்பி மறைகிறவரைக்கும் தலையை வெளியே நீட்டிப் பேசிக்கொண்டே போகிறவன், அன்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏறி உட்கார்ந்து, அந்தக் கையைப் புறங்கை மேலாக மடியில் வைத்துக்கொண்டு போனான்.