காலி வீட்டின் ஆறாவது படம்

"சந்துக்குள்ள லாரி வருமா?"

ஐந்தாவது ஆளும் இதையேதான் கேட்டார். வீட்டுத் தரகர் ஹுமாயூன், "மினி லாரி தாராளமா வரும் சார், அப்பால பேசறேன்" என்று சொல்லி, கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப்போச்சு? நெட்டுல போட்டோ போட்டு நாலு நாளு கூட ஆவல, அஞ்சு பார்ட்டி. அதுல ஒர்த்தர் வெள்ளிக்கெயம வரிக்கும் டைம் குட்த்துகீறாரு. மொளகா மண்டி. மொத்தமா வாடகைக்கு எடுத்துக்குவாராம்."

வீட்டின் சொந்தக்காரர் ஸ்டானிஸ்லாஸ் சமையலறையைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி ஆலிஸ், ஏற்கெனவே பெருக்கிய தரையை மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தாள். மிளகாய் என்ற சொல் கேட்டதும் துடைப்பம் ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியானால் கிடங்குக்காரர்கள்தான் முதலில் வருவார்கள். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு கடைக்குப் போவதற்கு முன் எங்காவது சில நாள் படுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு கூரையும் நான்கு சுவரும் ஒரு பூட்டும் போதும். ஜன்னல் இருந்தால் அதையும் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். அந்தச் சந்தில் மூன்று வீடுகள் ஏற்கெனவே அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றன.

நான்காவதாக இந்த வீடும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் ஆலிஸின் ஒரே நிபந்தனை. இருபத்தேழு வருஷம் குடியிருந்த வீட்டை விட்டு அவள் கிளம்பியதே கணவரின் முழங்காலுக்காகத்தான். படுக்கையறை மாடியில் இருந்தது. பதினாலு படி, ஏணி மாதிரி செங்குத்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் மாடிப்படியே ஏறக்கூடாது என்றார். மகள் ஜானட் பெரம்பூரில் தன் வீட்டுக்கு அருகில் தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் பார்த்துக் கொடுத்தாள். ஆலிஸ் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கிளம்பும் அன்று மட்டும், "காத்தூன் அக்காக்கு வாக்கு குட்த்துகீறேன். மனுஷங்க குடியிருக்கத்தான் தருவேன்னு" என்றாள். அவ்வளவுதான்.

காத்தூன் பீவி பக்கத்து வீடு. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தபோது சமையலறைக்குக் குறுக்கே சுவர் வைத்தார்கள். அப்போது வீட்டுக்கு மின் இணைப்பு ஒன்றுதான், அந்த அறைக்கு பல்பும் ஒன்றுதான். அதனால் கொத்தனார் சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி ஓட்டை விட்டு அதன் நடுவில் பல்பைத் தொங்கவிட்டார். ஒரே வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் சமைத்தார்கள். பிறகு இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வந்து பல்பு போய்விட்டது. ஓட்டை போகவில்லை. யாரோ அதற்கு ஒரு பலகைக் கதவு போட்டார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் இருபத்தேழு வருஷமாக வெங்காயமும் மாத்திரையும் நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் போய்வந்தன. காத்தூன் பீவிக்கு மூச்சிழுப்பு உண்டு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மிளகாய் மூட்டை அடுக்கினால் அவர் தன் சமையலறையிலேயே நிற்க முடியாது.

"மொதல்ல போட்ட போட்டோவையே வெச்சிருக்கலாம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"ஐயே, அந்தப் பேஜாரு போதும்" என்று ஹுமாயூன் கையெடுத்துக் கும்பிட்டார். அதுவும் உண்மைதான். முதலில் போட்ட படங்கள், வீட்டில் கட்டிலும் பீரோவும் திரைச்சீலையும் இருந்தபோது எடுத்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் வந்தது. அதற்குள் சாமான்கள் பெரம்பூர் போய்விட்டன. வந்தவர்கள் காலி அறையில் நின்று, "போட்டோல பெரிசா இருந்துச்சே" என்று, தங்களை ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்தார்கள். அதனால்தான் ஹுமாயூன் காலி வீட்டைப் புதிதாகப் படம் பிடித்துப் போட்டார். அதைப் பார்த்துத்தான் லாரிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள்.

ஸ்டானிஸ்லாஸ் அந்தப் படங்களைக் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்கிறது என்று புரியாவிட்டால் சோறு இறங்காது.

"ஆலிஸ், இங்க வா. இந்த ரூம் எவ்ளோ பெருசு, சொல்லு?"

"நம்ம ரூமு எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாதவ மாதிரி பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "தெரியல. தீப்பெட்டி உள்பக்கம்னாலும் நம்பலாம். குட்ஸ் ஷெட்டுனாலும் நம்பலாம்."

"அதான்!" என்றார், தரையைத் தட்டி.

அவர் முப்பது வருஷம் துறைமுகத்தில், சரக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரிடம் உதவியாளராக இருந்தவர். சேதமான சரக்கைப் படம் பிடிப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. அதில் முதல் விதி, எதையும் தனியாகப் படம் பிடிக்கக்கூடாது. கிழிந்த மூட்டை என்றால் கிழிசல் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. நசுங்கிய பெட்டி என்றால் பக்கத்தில் ஒரு ஆள். ஏனென்றால் அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் கண்ணுக்கு அளவு தெரிய, அதற்குப் பழக்கமான ஒரு பொருள் வேண்டும். அது இல்லாவிட்டால் பார்ப்பவர் தன் மனதில் இருப்பதை வைத்து அளப்பார். மூட்டை வைத்திருப்பவர் காலி அறையைப் பார்த்தால், எத்தனை மூட்டை என்றுதான் எண்ணுவார்.

"இன்னொண்ணு, ஹுமாயூனு. நீ மத்தியானம் ஃப்ளாஷ் போட்டு எடுத்துகீற. ஃப்ளாஷு கேமரா பக்கத்துலேர்ந்து நேரா அடிக்கும். நெழலு எல்லாம் பொருளுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். நெழலு இல்லாங்காட்டி ஆழம் தெரியாது. செவுத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான் தெரியும்."

"நைனா, நீ ஸ்டுடியோ வெச்சிருக்கணும்."

"நாளைக்கு எட்டு மணிக்கு வா. ஜானட் கேமராவ நான் எடுத்தாறேன்."

மறுநாள் எட்டு மணிக்கு, கடல் பக்கத்திலிருந்து வந்த வெயில் முன்ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கூடத்தில் பாதி தூரம் நீட்டிப் போட்டிருந்தது. காத்தூன் பீவி வீட்டிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலியைக் கடன் வாங்கி அந்த வெயிலின் ஓரத்தில் வைத்தார்கள்.

"அதுல நீ உக்காரு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"நான் இன்னா, நசுங்கிப் போன பொட்டியா?"

"பொட்டி இந்த வூடு. நீ பக்கத்துல நிக்கிற ஆளு."

"முப்பது வருஷம் குடித்தனம் பண்ணதுக்கு இன்னிக்கிதான் ஒயுங்கா ஒரு வேலை குடுக்கறாரு பாரு" என்று ஹுமாயூனிடம் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாடிப்படியைப் படம் எடுத்தார்கள், ஏமாற்றாமல், அதன் செங்குத்து தெரியும்படி. அதன் கீழ்ப்படியில் ஒரு ஜோடி செருப்பு. பின்கட்டுக் குழாயடியில் ஒரு பச்சைக் குடம். மாடிக்கு ஹுமாயூன் மட்டும் ஏறினார்: மொட்டைமாடிக் கொடியில் ஆலிஸின் ஈரப் புடவை, அதற்கு மேல் எட்டத்தில் துறைமுகத்தின் கிரேன்கள். சமையலறைக்கு வந்து ஸ்டானிஸ்லாஸ் கேமராவைக் கண்ணில் வைத்தபோது, பலகைக் கதவு தானாகத் திறந்தது. இரண்டு கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை ஒரு கிண்ணத்தை நீட்டியது. "ஆலிஸு, வெறும் வயித்துல நிக்காத. இட்டிலி." ஸ்டானிஸ்லாஸின் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

அன்று சாயந்திரம் கடையில் கழுவி வாங்கிய பதினான்கு படங்களை அதே தரையில் பரப்பினார்கள். அந்த இணையதளத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு படம்தான் ஏற்றலாம். கூடம் சுலபமாகத் தேறியது. வாசல், குழாயடி, மாடிப்படி, மொட்டைமாடி என ஐந்து வந்துவிட்டன. ஆறாவதாக ஹுமாயூன் படுக்கையறையை வைத்தார். ஸ்டானிஸ்லாஸ் அதை எடுத்துவிட்டு, கை நீட்டிய சமையலறைப் படத்தை வைத்தார்.

"நைனா, மெய்யாலுமே கேக்கறேன், உனக்குப் புத்தி கீதா? இது கொறை. செவுத்துல ஓட்டை! போன தபா நான் அந்தப் பலகைய மூடி வெச்சு எடுத்தேன். இத்தப் பார்த்தா எவன் வருவான்? பக்கத்து வூட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்கன்னு ஓடிடுவான்."

"ஓடறவன் இப்பவே ஓடட்டுமே. வந்து பார்த்துட்டு ஓடறதவிட அது மேலு."

"வெள்ளிக்கெயம மண்டிக்காரரு பதில் கேப்பாரு."

ஸ்டானிஸ்லாஸ் ஆலிஸைப் பார்த்தார். அவள் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "அக்கா கிட்ட கேக்கணும்" என்றாள். "அவங்க கையி இல்ல?"

போய்க் கேட்டு வந்தாள். "மூஞ்சி தெரியாட்டி சரியாம். ஆனா வளையல் பழசாம். சொல்லியிருந்தா புதுசு போட்டிருப்பாங்களாம்."

ஹுமாயூன் தலையில் அடித்துக்கொண்டு, படங்களை ஸ்கேன் செய்து ஏற்ற பிரவுசிங் சென்டருக்குப் போனார். படங்களின் கீழே எழுத வேண்டியதை ஸ்டானிஸ்லாஸே எழுதிக் கொடுத்தார்: வீடு இப்போது காலி. நாற்காலி பக்கத்து வீட்டுடையது. சந்தில் ஆட்டோ வரும்.

இரண்டு நாள் கைப்பேசி அடிக்கவே இல்லை. "லாரிக்காரங்களும் போயிட்டாங்கோ" என்றார் ஹுமாயூன் கசப்பாக. ஆலிஸ் பெரம்பூர் வீட்டில் அன்று ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டாள். ஸ்டானிஸ்லாஸ் சத்தமில்லாமல் குடித்தார்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் கூப்பிட்டாள். சடையங்குப்பத்திலிருந்து. பெயர் செங்கொடி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கேட்ட முதல் கேள்வி லாரி பற்றியது அல்ல. "மழைக்குத் தண்ணி உள்ள வருமா?" போன வருஷ மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறியவளாம். இரண்டாவது கேள்வி: "அந்தக் கை யாருது?"

மதியமே வந்தாள். ஸ்டானிஸ்லாஸ் அவளுக்குத் தெரு மட்டத்தையும் வாசல் மட்டத்தையும் காட்டினார். இரண்டுக்கும் நடுவே மூன்று படி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த வடிகாலில் இறங்கும் என்று அவர் விளக்க, அவளும் அலுக்காமல் கேட்டாள். மாடிப்படியை ஏறி இறங்கி, "படத்துல பார்த்த அளவுதான் கீது" என்றாள். ஸ்டானிஸ்லாஸுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

கடைசியில் சமையலறைக்கு வந்தாள். பலகைக் கதவு மூடியிருந்தது. ஆலிஸ் பழக்கத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆலிஸா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆலிஸ் வாயைத் திறக்குமுன் செங்கொடி குனிந்தாள். "அவங்களும் இங்கதான் கீறாங்க. நான் செங்கொடி. வூடு பார்க்க வந்தேன்."

சுவருக்கு அப்பால் கரண்டியைக் கீழே வைக்கும் ஓசை.

"கொயந்தைங்க கீதா?"

"ரெண்டு. ரொம்ப வாலு."

"வரட்டும், வரட்டும். நீ நைட் டூட்டி எல்லாம் போவியா?"

"மாசத்துல பத்து நாளு. அதான் ரோசனை பண்ணிகினு கீறேன். பிள்ளைங்கள யாரு பார்ப்பாங்கன்னு."

"இந்தப் பலகைய மூடாம வெச்சிக்க. ஒரு சத்தம் வந்தா நான் கேப்பேன்." ஏதோ பாத்திரம் உருளும் ஓசை. "சாப்புட்டியா?"

"இல்லம்மா. டூட்டி முடிச்சு நேரா வரேன்."

பலகைக் கதவு திறந்தது. கை வந்தது, ஆவி பறக்கும் கிண்ணத்தோடு. அந்தக் கையில் பச்சைப் புது வளையல்கள். ஆலிஸின் கை தன்னையறியாமல் பாதி தூரம் போய், நின்றது. அவள் ஒரு பக்கமாக விலகி, மற்றவளுக்கு இடம் விட்டாள்.

"சூடா கீது" என்றாள் ஆலிஸ், மெதுவாக. "ஓரத்தப் புடிச்சு வாங்கிக்கம்மா."