திருப்பி அனுப்ப வேண்டாம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பார்சல் அலுவலக வரிசையில் நின்றபோது எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்மணியிடம் ஏழு அட்டைப்பெட்டிகள். ஏழிலும் அனுப்புநர், பெறுநர் இரண்டும் ஒரே பெயர். தனக்குத் தானே பார்சல் அனுப்புகிறவரைப் பற்றி எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

2.

முதல் தொடக்கம்: "மலைகள் அவளை அழைத்தன." அடித்துவிட்டேன். மலைகள் யாரையும் அழைப்பதில்லை. அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாவது: "ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி ஐந்து மாதம் தனியாக நடக்கக் கிளம்பினால், வீட்டில் ஏதோ..." வேண்டாம். இது பக்கத்து வீட்டுப் பேச்சு.

மூன்றாவது நிற்கட்டும். அவள் இருபத்துநான்கு வருடமாக அதே அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவள். அந்த ஐந்து மாத மலைநடைக்காகப் பல்துலக்கியின் கைப்பிடியை வெட்டிப் பதினொரு கிராம் குறைத்தாள்.* முதுகுப்பை ஒன்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். (மற்ற காலில் முட்டி வலி.) சாப்பாடு, மாத்திரை, மாற்றுக் காலணி எல்லாம் ஏழு பெட்டிகளாகப் பிரிந்து, வழியிலுள்ள ஏழு ஊர் அஞ்சலகங்களில், அவள் எழுதிய தேதிவரை காத்திருக்கும்.

* வெட்டினாலும் பல் தேய்க்க முடிகிறது. நானும் வெட்டிப் பார்த்தேன்.

3.

இது இரண்டாவது முயற்சி. (முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அவள்மீது சந்தேகம், தள்ளிப்போட்டேன்.) மூன்று வருடம் முன்பு, பதினோராம் நாளே முட்டி வீங்கித் திரும்பிவிட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யாரும் வாங்காத பெட்டிகள் ஒவ்வொன்றாக அவளுடைய கவுண்டருக்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பெறாவிட்டால் திருப்பி அனுப்பவா, வேண்டாமா? போன முறை கைப்பழக்கத்தில் எல்லாவற்றிலும் 'அனுப்பவும்' என்று குறியிட்டிருந்தாள். இந்த முறை முதல் ஆறு பெட்டிகளுக்கும் 'வேண்டாம்'. பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.

4.

கணவர் பேருந்து ஓட்டுநர். போகாதே என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒரு மாதமாகப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். இன்று காலை ஏழாவது பெட்டியை அவள் ஒட்டப்போன நேரத்தில், அவளுடைய வீட்டுச் சாவியை எடுத்து அதற்குள் போட்டார்.

"கடைசி ஊர்ல எடுத்துக்கோ. பாதியில வந்தா கதவைத் தட்டு. நான் வீட்ல இருந்தா திறக்கறேன்."

"நாப்பது கிராம் ஏறுதுங்க" என்றாள். ஆனாலும் சாவியை வெளியே எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை, பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.)

5.

முடிவு அ: கடைசி ஊர். அவள் பெட்டியைப் பிரிக்கிறாள், உள்ளே... நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

முடிவு ஆ: மறுபடியும் முட்டி... மாட்டேன், எழுத மனம் வரவில்லை.

ஏழாவது படிவத்தில் 'திருப்பி அனுப்பவா' கட்டம் மட்டும் காலி. 'அனுப்பவும்' என்றால், பாதியில் திரும்புவேன் என்று இப்போதே ஒப்புக்கொண்டதாகிவிடும். 'வேண்டாம்' என்றால், அவள் போய்ச் சேராவிட்டால் சாவி போனது போனதுதான். இன்று முதல் அவளுக்கு விடுப்பு; அவளுக்குப் பதில் ஆளாக அவள் நாற்காலியில், இதை வாசிக்கிற நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நிரப்பாத படிவத்தை வாங்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு எதிரில் நிற்கிறாள்.

கேளுங்கள்: திருப்பி அனுப்பவா, வேண்டாமா? பின்னால் நான்தான் நிற்கிறேன், எனக்கு அவசரமில்லை.