கோடையில் ஹீட்டர்

…தெரியும், அந்தம்மாவுக்கு நன்றாகவே தெரியும், தெரியாமல் யாராவது விற்ற வண்டிக்குக் கெடு வைப்பார்களா, ‘யுஹானுஸுக்குள்ள ஏதாவது கோளாறுன்னா கொண்டு வந்துடுங்க, நானே எடுத்துக்கிறேன்’ என்று நாம் கேட்காமலே சொன்னாரே, அன்றைக்கு அதை நேர்மை என்று நினைத்து ஐலாவிடம் பெருமையாக வேறு பேசினோமே… ரைமோ சாலையை ஒரு கண்ணாலும் வெப்பம் காட்டும் முள்ளை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். முள் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு மேலே நின்றது. நிற்கிறதா, ஏறுகிறதா? வெளியே ஜூன் மாத வெயில், நாளை மறுநாள் யுஹானுஸ் திருநாள், பாதி ஊர் ஏரிக்கரை வீடுகளுக்குக் கிளம்பி வண்டிக்கு வண்டி பீர்ப் பெட்டியும் நாயுமாகப் போய்க்கொண்டிருக்க, இவர்கள் இருவர் மட்டும் படுக்கை வைத்த பழைய வேனின் ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். ஹீட்டரைப் போட்டால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் இறங்கும், இன்ஜின் பிழைக்கும், உள்ளே இருப்பவர்கள் பாடு அவர்கள் பாடு. பக்கத்தில் மனைவி ஐலா ஈரத்துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். “கல்லு மட்டும்தான் குறைச்சல் ரைமோ, இருந்தா ஒரு கரண்டி தண்ணிய ஊத்தி சவுனா ஆவிக்குளியலாவே ஆக்கிடலாம்,” என்றாள். சிரிக்கலாம்தான், சிரிப்பு வரவில்லை. யம்ஸா ஊரில் அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்: ‘உங்களுக்குத் தெரிஞ்சேதான் வித்திருக்கீங்க.’ இல்லை, அது முரட்டுத்தனம். ‘உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.’ அது போதும். மார்ச்சில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் அதற்கு மேல் குரலை உயர்த்த முடியாது, ஆனால் கணவன் செத்தால் பொய் சொல்லலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

தண்ணீரைப் பற்றி ரைமோவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தாம்பெரே நகரத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர், எந்த வால்வை மூடினால் எந்தத் தெருவிலிருந்து போன் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்ஜினும் அதே கதைதானே, சூடான தண்ணீர் போக வேண்டும், ஆறித் திரும்ப வேண்டும், அவ்வளவுதானே… முதலில் தெர்மோஸ்டாட், சூடேறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் மூடி. புதியதை மாட்டிவிட்டுப் பழையதை ஐலாவின் மீன்சூப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் அது சமர்த்தாக வாயைத் திறந்தது, நல்லதைக் கழற்றியதுதான் மிச்சம், பாத்திரத்துக்காக ஐலா பேசிய பேச்சு தனி. பிறகு வாட்டர் பம்ப், அதையும் மாற்றியாயிற்று. ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டால் சூடு, திரும்பி வரும் ஹோஸும் சூடு, அப்படியென்றால் தண்ணீர் சுற்றுகிறது, சுற்றியும் ஆறவில்லை, ஏன்? ஃபேன் சுற்றுகிறதா, ஊரைக் கூட்டும் சத்தத்தோடு சுற்றுகிறது. மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார், கிரில்லுக்குப் பின்னால் கறுப்பாகத் தெரிந்தது, ஒழுகல் இல்லை. மிச்சம் ஹெட் கேஸ்கெட், இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் தகடு, அது போயிருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும், இந்த வயது வண்டிக்கு அதற்குப் பிறகு வாழ்வில்லை. எண்ணெய் மூடியின் அடியில் வெள்ளைக் கூழ் படிந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார், இல்லை. ஐலாவின் தம்பி செப்போ ஒரு நீலத் திரவக் குப்பியைக் கொண்டுவந்து கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்தான், கேஸ்கெட் போயிருந்தால் நீலம் மஞ்சளாகும், அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி இருவரும் நின்றார்கள், நீலம் நீலமாகவே இருந்தது. “அப்போ எங்கயாவது சின்ன விரிசலா இருக்கும், மேட்டுல ஏறினாத்தான் காட்டும்,” என்றான் செப்போ, நல்ல செய்தி பொறுக்காதவன், “வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க அத்தான்.” அன்றிரவே ரைமோ யம்ஸாவுக்குப் போன் செய்தார்.

அந்தப் போனைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்தார். எவ்வளவு தயார் செய்துகொண்டு போன் எடுத்தார், வண்டியை விற்ற இர்மா அம்மாள் வாதாடுவார், மெக்கானிக் சீட்டு கேட்பார், அழக்கூடச் செய்வார் என்று. ஒன்றுமில்லை. சூடாகுதுங்க என்றதும், “அப்படியா… சரி, கொண்டு வந்துடுங்க,” என்றார், பிறகு ஒரு மூச்சு விட்டு மறுபடி, “கொண்டு வந்துடுங்க. ஷெட்ட நான் காலியாத்தான் வெச்சிருக்கேன்.” அவ்வளவு லேசாக ஒருவர் பணத்தைத் திருப்பித் தருவாரா? குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்? அதோடு அந்த இரண்டாவது சாவி. வாங்கிய அன்று ஒரு சாவிதான் கொடுத்தார், இன்னொன்று எங்கேயோ இருக்கிறது, தேடித் தபாலில் போடுகிறேன் என்றார், ஏப்ரல் போய் மே போய் ஜூனும் பாதி போயிற்று, சாவி வரவில்லை. வண்டியை முழுதாகக் கொடுக்காதவர் வண்டியைப் பற்றிய உண்மையை மட்டும் முழுதாகக் கொடுத்திருப்பாரா… ஐலா பின்னால் திரும்பிப் படுக்கைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த பூப்போட்ட திரையைப் பார்த்தாள். அவளே தைத்தது. இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றியவள், தரையில் படுத்தால் எழ முடியாது, கூடாரம் ஆகாது, ஹோட்டல் பிடிக்காது. வடக்கே நார்வே எல்லையைத் தாண்டி, கடல் தெரியும் இடத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்க வேண்டும், சூரியன் மறையாத ராத்திரியில் ஒரே ஒரு தடவை, இதைத் தவிர அவள் இந்தக் கல்யாணத்தில் எதையும் இரண்டு முறை கேட்டதில்லை. இதைப் பல முறை கேட்டாள். வேலை, வேலை என்று அவர்தான் தள்ளிப்போட்டார். இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்னொரு வண்டி தேடி, பார்த்து, பேசி… அதற்குள் பனி வந்துவிடும், அடுத்த வருடம் அவள் இடுப்பு என்ன சொல்லுமோ. திரையைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யம்ஸாவுக்கு முந்தைய மேட்டில் முள் ஏறியது, சந்தேகமே இல்லாமல் ஏறியது, சிவப்பைத் தொடப் போனது, பின்னால் ஒரு படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவன் ஹாரன் அடித்தான், ரைமோ மனதில் வந்த கெட்ட வார்த்தையை வாய்விட்டே சொல்லிவிட்டு வலது பக்கத்துக் காபிக்கடை வளாகத்தில் ஒதுக்கினார். முன்மூடியைத் திறந்து விட்டு நின்றார். சூடு முகத்தில் அடித்தது. ஒருவேளை ரேடியேட்டரே உள்ளுக்குள் அடைத்திருக்குமோ, அதையும் செப்போ சொன்னானே, சொன்னால் என்ன, இனி யாருக்கு வேண்டும், இன்னும் கொஞ்ச தூரம், பிறகு இது அந்தம்மாவின் தலைவலி. ஐலா கடைக்குள் போய் சர்க்கரை தூவிய முன்க்கி டோனட் இரண்டு வாங்கி வந்தாள், கூடவே ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். “எதுக்கு?” “திருப்பிக் குடுக்கிறதுன்னாலும் கழுவிக் குடுக்கணும். மூஞ்செல்லாம் பூச்சி.” அவள் அப்படித்தான், இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூடத் துலக்கித்தான் அனுப்புவாள். முன்கண்ணாடியைத் துடைத்தாள், விளக்குகளைத் துடைத்தாள், கிரில்லுக்கு வந்தவள் நின்றாள். “ரைமோ, இங்க வா. இந்தக் குளவியெல்லாம் ஏன் இங்க குவிஞ்சு கிடக்கு?” குளவி என்றால் குளவி, குதிரை ஈ, விட்டில், எல்லாம் கிரில்லின் கம்பிகளுக்குப் பின்னால், ஒரு விரற்கடை தூரத்தில், சாத்திய கதவில் மோதி விழுந்தவை மாதிரி அடியில் குவிந்து கிடந்தன. “ரேடியேட்டர்னா அதோட ஓட்டையிலதானே ஒட்டிக்கிட்டுச் சாவும்? நம்ம பழைய காருல அப்படித்தானே இருந்துச்சு?” ரைமோ குனிந்தார். கறுப்பு. டார்ச்சில் பார்த்த அதே கறுப்பு. விரலை விட்டுத் தொட்டார், உலோகம் இல்லை, வழுவழுவென்று… பிளாஸ்டிக். குப்பை போடும் கறுப்புப் பை. மேலே கையை விட்டுத் துழாவினார், ஒரு நாடாக் கயிறு, பிடித்து இழுக்க வசதியாக வளையம் போட்டுக் கட்டிய கயிறு, இழுத்தார், வந்தது, ரேடியேட்டரின் முழு அகலத்துக்கும் அட்டை.

வாழைப்பழப் பெட்டியின் அட்டை. ரேடியேட்டருக்கு அளவெடுத்து வெட்டி, பனி நனைக்காமல் கறுப்புப் பையில் நுழைத்து, விளிம்பு முழுக்கத் துணி டேப் ஒட்டி, பழைய டேப் பிய்ந்த இடத்தில் புது டேப் ஒட்டி… ஒரு குளிர்காலத்து வேலை அல்ல அது, வருடா வருடம் போட்டு எடுத்த பொருள். கடுங்குளிரில் இன்ஜின் சூடேறவே மாட்டேன் என்னும், காற்றை மறித்து முன்னால் ஒரு அட்டையைச் சொருகுவது இந்த நாட்டில் யார் செய்யாதது, ரைமோவே தன் முதல் காருக்குச் செய்ததுதானே, பனி உருகியதும் உருவிப் போடுவார்கள், அவ்வளவுதான். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினானாம் என்பது இதுதான். தண்ணீர், தண்ணீர் என்று தண்ணீரையே பார்த்தேனே, ஹீட்டரில் அனல் பறந்ததே, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அது வந்த நாள் முதல் முகத்தில் ஊதிச் சொன்னதே, காற்று என்று ஒன்று இருப்பது ஏன் புத்தியில் ஏறவில்லை? வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷம்தான் அதிகம். பிறகு கையிலிருந்த கயிற்று வளையத்தைப் பார்த்தார். ஜனவரியில் சொருகியிருப்பார் அந்த மனிதர், அந்தம்மாவின் கணவர் மார்ட்டி. வளையம் வைத்தவர் எடுக்கத்தான் வைத்திருப்பார். பனி உருகும்போது ஆள் இல்லை.

“எடுத்துட்டியா? அவ்வளவுதானா?” என்றாள் ஐலா. “அவ்வளவுதான்.” “இதுக்குத்தான் என் சூப்புப் பாத்திரத்தைக் கெடுத்தியா?” இப்போது சிரிப்பு வந்தது, இருவருக்கும் வந்தது, படகுக்காரன்கூடத் திரும்பிப் பார்த்திருப்பான், அவன்தான் போய்விட்டானே. இன்ஜின் ஆறியதும் கிளம்பினார்கள். ஹீட்டரை அணைத்தார். அடுத்த மேடு, முள் நடுவில், அதற்கடுத்த பெரிய மேடு, முள் நடுவிலேயே, அடித்து வைத்த ஆணி மாதிரி. ஜன்னல் வழியே வந்த குளிர்ந்த காற்றில் பூப்போட்ட திரை படபடத்தது, ஐலா தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு முன்க்கியைக் கடித்தாள், மடியெல்லாம் சர்க்கரை. “போன் பண்ணிச் சொல்லிடு, வரலைன்னு. இப்படியே திரும்பிடலாம்.” சொல்லலாம்தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, காபி போட்டு வைத்திருப்பார், காரணம் இன்னதென்று நேரில் சொன்னால் அந்தம்மாவுக்கும் மனசு ஆறும், தெரிந்தே விற்றார் என்று நினைத்த பாவத்துக்கும் அது ஒரு பரிகாரம், வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. “அந்த ரெண்டாவது சாவியையாவது கையோட வாங்கிட்டு வந்துடலாம்,” என்றார். ஐலா தலையாட்டினாள், எந்த வாரம் கிளம்புவது, ஜூலைத் தொடக்கத்தில் கொசு அதிகமா நடுவில் குறையுமா என்று அவள்பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தாள். கடலுக்கு எதிரே பின்பக்கத்தைத் திருப்பி நிறுத்த வேண்டுமாம், படுத்தபடியே பார்க்க. ரைமோ எல்லாவற்றுக்கும் சரி சொன்னார்.

ஏரியை ஒட்டிய மண் பாதையில் திரும்பி, வண்டி இன்னும் மரங்களுக்குப் பின்னால் இருக்கும்போதே, வீட்டுக் கதவு திறந்தது. யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை, சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். இர்மா அம்மாள் படியிறங்கி நின்றார். தலைசீவி, நல்ல சட்டை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஷெட் திறந்து கிடந்தது, உள்ளே ஒரு சைக்கிள்கூட இல்லை, தரையைக் கூட்டியிருந்தார், தூண்களில் யுஹானுஸுக்குப் பிர்ச் மரக்கிளைகள் கட்டியிருந்தார், எல்லோரும் வீட்டு வாசலில்தானே கட்டுவார்கள், இவர் வீட்டு வாசலில் ஒன்றும் இல்லை… ரைமோ இன்ஜினை நிறுத்தினார். அந்தம்மா அவர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தார். அந்தக் கையின் விரலில் ஒரு சாவி தொங்கியது. தபாலில் வராத சாவி. தேடவேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் இத்தனை மாதம் இருந்திருக்கும் சாவி.

“ரொம்பச் சூடாகுதுங்களா?” என்று கேட்டார். கேட்ட முகத்தைப் பார்த்தார் ரைமோ. பயம் இல்லை, குற்றம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற முகம், அவ்வளவு பச்சையாக, ஒரு பெரிய மனுஷியின் முகம் இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை. ‘கொண்டு வந்துடுங்க… கொண்டு வந்துடுங்க…’ அட, போனில் விட்ட அந்த மூச்சு இந்த வண்டி திரும்பி வருகிறதே என்பதற்கா? ஐலாவைப் பார்த்தார். அவளும் ஷெட்டைப் பார்த்திருந்தாள், கிளைகளைப் பார்த்திருந்தாள், இப்போது மடியிலிருந்த சர்க்கரையை ஒவ்வொரு துகளாகத் தட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. பின்னால் படுக்கையில் அட்டை கிடந்தது, கயிற்று வளையத்தோடு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், என்று சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன், பாவம், இவருக்கு ஒன்றும் தெரியாது, சூடாகும் வண்டி திரும்பி வந்துவிடும் என்பதைத் தவிர ஒன்றுமே தெரியாது, தெரிந்தவன் இப்போது நான்தான்… “என்னங்க, சூடாகுதா?” என்று அந்தம்மா மறுபடி கேட்டார், கையை மூடியின் மேலிருந்து எடுக்காமல். உள்ளங்கைக்கே தெரிந்திருக்கும் அது அவ்வளவு சூடில்லை என்று. ரைமோ வாயைத் திறந்தார்.