மூன்று முறை வெள்ளைப்பூ

அய்யனாருக்குக் கொஞ்சமாவது விவஸ்தை இருக்கிறதா என்று முத்துராமலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பங்குனிப் பொங்கலுக்குப் பங்காளிகள் வீட்டுக்கொரு படி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போடுவது திருச்சுழிப் பக்கத்து அந்தக் காட்டுக்கோயிலில் வழக்கம். பதினோரு வருஷமாக ஒரு படி குறைந்துதான் பொங்கியது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. இன்றைக்கென்று தம்பி அழகுராஜா பஸ்ஸை விட்டிறங்கி, அரிசிப் பையோடு வேப்பமரத்தடியில் வந்து நிற்கிறான். கோயில் மணியைக் கழற்றி விற்றுக் குடித்துவிட்டு ஓடிய அதே அழகுராஜா. பக்கத்தில் அவன் கட்டிக்கொண்ட வேற்றுச் சாதிப் பெண் தங்கலட்சுமி.

"சேக்கலாமா கூடாதான்னு சாமிகிட்டயே கேட்ருவோம்" என்றார்கள் பங்காளிகள். இலையில் மடித்த வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். முத்துராமலிங்கத்தின் பேத்தி சுகப்பிரியா ஒன்றை எடுத்தாள். வெள்ளை. வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம்.

"புள்ள கை தவறியிருக்கும். இன்னொருக்கா எடு" என்றார் முத்துராமலிங்கம்.

மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவையும் வெள்ளை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வருஷம் பூராவும் விளக்கேற்றுகிறவர் இவர். கிணற்றில் போர் போட மூன்று வருஷம் பூக் கேட்டார். மூன்று வருஷமும் சிவப்பைக் காட்டிய சாமி, திருட்டுப்பயலுக்கு மட்டும் வாரி வாரி வழங்குகிறது. ஊருக்கு இளைத்தவன் நான்தானா என்று நெஞ்சு எரிந்தது.

"எலை சரியா மடிக்கல" என்று சொல்லிவிட்டு, சிலைக்குப் பின்னால் போய் அவரே மடித்தார். இரண்டிலும் செவ்வரளி.

இந்த முறை சிவப்பு வந்தது. அழகுராஜா தலையாட்டிக்கொண்டான். "நான் செஞ்சதுக்கு இது கொறச்சல்ண்ணே. அரிசிய மட்டும் பானையில போட்ருங்க" என்று பையை வாசலில் வைத்துவிட்டு, பெண்டாட்டியோடு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

சண்டையாவது போட்டிருக்கலாம், பாவிப்பயல். முத்துராமலிங்கம் மிச்சப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். உடனே உடம்பெல்லாம் கூசியது. அவன் திருடியது மணியை. இவர் திருடியது சாமியின் வாக்கை.

"ஏலே, நில்லு."

எல்லார் முன்னாலும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அதிலும் சிவப்பு. அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், வெயிலில் நின்றார்.

"நல்லாருக்கு. இப்ப இவுகளச் சேக்கலாமான்னு யாரு பூக்கட்டிப் பாக்குறது?" என்று அவரைக் கைகாட்டிக் கேட்டாள் அவர் பெண்டாட்டி கருத்தம்மாள்.

திரும்பி வந்த அழகுராஜா அண்ணன் கையைப் பிடித்தான். "ஒண்ணும் பாக்க வேணாம் மதினி. சாமி மூணு தடவ சொன்னது போதாதா? அது எனக்கும் அண்ணனுக்கும் சேத்துத்தான். வாங்கண்ணே."

"இழுக்காதலே, வாரேன்" என்று எரிந்து விழுந்தார் முத்துராமலிங்கம். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பையை எடுத்துத் தங்கலட்சுமியிடம் நீட்டினார்.

"நீ போடுத்தா. ஒலை கொதிச்சு எம்புட்டு நேரமாச்சு."