கேப்டன் விட்கோமின் நல்ல கால்

ஓஹையோ சட்டசபைக்கு நிற்கிறவருக்குப் போர்க்காயம் ஒன்று கட்டாயம் வேண்டும். கேப்டன் ஆஸா விட்கோமுக்கு அது தாராளமாகவே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது.

கெடுத்தது அவர் தொழில்தான். ஊர் திரும்பியதும் மரக்கால் செய்யும் பட்டறை வைத்தார். 'பக்கத்தில் நின்றாலும் தெரியாது' என்று விளம்பரம் போட்டார். அந்தக் காலோடு ஏணி ஏறினார், சந்தையில் நடனம்கூட ஆடினார். பத்து வருஷத்தில் அவருக்குக் கால் போன கதையையே ஊர் நம்ப மறுத்தது.

எதிர்த்து நின்ற கோதுமை வியாபாரி ஹோரஸ் பிடிலோ, போர்முனையை எட்டிக்கூடப் பார்க்காதவர். ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து அடிபட்ட காலை மேடைக்கு மேடை இழுத்து இழுத்து நடந்தார். ஜனங்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அநியாயம்!

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விருந்தில் கேப்டன் மேடையேறியதும் பிடில் கீழிருந்து கத்தினார்.

"கால் போச்சாமே! போன வாரம் என் பொண்ணோட ஆடுனது யாரு, உங்க தம்பியா?"

கூட்டம் சிரித்தது. கேப்டனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மேல வாய்யா! நீயே குத்திப் பாரு!"

பிடில் நொண்ட மறந்து ஓடிவந்தார், கையில் இறைச்சியைக் குத்திப் பிடிக்கும் பெரிய முள்கரண்டி. 'இடது' என்று கேப்டன் வாயெடுப்பதற்குள் அது வலது கெண்டைக்காலில் இறங்கிவிட்டது.

கண்ணில் பூச்சி பறந்தது. அலறினால் தேர்தல் போச்சு. ஆனால் தொண்டைக்கு வந்த அலறலை எங்கே திருப்பி அனுப்புவது?

"ஹுர்ர்ராஆஆ!"

கூட்டமும் "ஹுர்ரா!" என்றது. வழக்கப்படி மூன்று முறை. மற்ற இரண்டையும் கேப்டன் அடிவயிற்றிலிருந்து கொடுத்தார்.

"கரண்டி நட்டமா நிக்குது, மனுஷன் அசைஞ்சாரா பாரு!" என்றான் ஒருவன்.

அவர் மனைவி லவீனியா நிதானமாக மேடையேறினாள். கரண்டியைப் பிடுங்கி, யார் கண்ணிலும் சிவப்புப் படுவதற்குள் பாவாடையில் துடைத்து, பிடிலிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. அங்க பன்னிக்கறி ஆறிப்போவுது."

கேப்டன் நொண்டிக்கொண்டே இறங்கினார்.

"பாவம்யா, இத்தனை வருஷமா மறைச்சிருக்காரு!" என்று கூட்டம் உருகியது.

இலையுதிர் காலத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குள் காயமும் ஆறிவிட்டது. பதவியேற்கக் கிளம்பிய அன்று ரயிலடியில் ஊரே திரண்டு நிற்க, கேப்டன் குதிரை வண்டியிலிருந்து துள்ளிக் குதித்தார்.

"ஏங்க! காலு!" என்று லவீனியா கிசுகிசுத்தாள்.

அவர் அப்படியே நின்றார். "எந்தக் காலுடி?"

"வலது. ரெண்டு வருஷத்துக்கு அதுதான் மரக்கால்."