பதினாலுக்குப் பதினாலு

லிவோர்னோ வாள்வீச்சு அரங்கில் ஸ்கோர் பதினாலுக்குப் பதினாலு. அடுத்த குத்து யாருடையதோ, அவளுக்குத்தான் ரோம் போகும் அணியில் இடம்.

"என்னடி ஃப்ளாவியா, கை நடுங்குதா?" முகமூடிக்குள்ளிருந்து சீண்டினாள் ஓர்னெல்லா.

"உன் வாய் ஓயட்டும்னு காத்திருக்கேன்டி."

ஃப்ளாவியா பாய்ந்தாள். ஓர்னெல்லா அந்த வாளை அழகாகத் தட்டிவிட்டு, உடனே பதிலுக்குக் குத்தினாள். குத்து பட்டதா என்று பார்க்கும் முன்பே, நடுவரை மயக்க எல்லோரும் செய்வதுபோல, இரண்டு கைகளையும் உயர்த்தி வெற்றிக் கூச்சலும் போட்டுவிட்டாள்.

குத்து காற்றில் போயிருந்தது. குத்து பட்டால் எரியும் விளக்கு எரியவில்லை. ஆட்டத்தை நிறுத்த நடுவர் 'நில்' என்றும் சொல்லவில்லை.

காவலில்லாத அவள் மார்பை ஃப்ளாவியாவின் வாள்முனை நிதானமாகத் தொட்டது. இப்போது விளக்கு எரிந்தது.

"ரோமுக்கு அவசியம் வாடி," என்றாள் ஃப்ளாவியா. "எனக்காகக் கத்த ஆள் வேணும்."